காற்றில் உடைந்த தாழ்ப்பாள்

ஜூன் 9, திங்கள்

பட்டறை வகுப்பில் ஆளுக்கொரு பொருள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இதில் பெரிய பெருமை. வாசலிலேயே ‘கையால் கற்போம்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கையால்தான் கற்கிறோம், போர்டுதான் இல்லை.

பக்கத்து பெஞ்சுக் குண்டன் பீப்பா, ஸ்டூல் என்றான். முன்பெஞ்சுக்காரிகள் புத்தக அலமாரி என்றார்கள். நான் தாழ்ப்பாள் என்றேன்.

“தாழ்ப்பாளா? அது கடையிலயே கிடைக்குமே” என்றார் பட்டறை சார்.

“கடையில வாங்கினது உடைஞ்சுபோச்சு சார்.”

“எப்படி?”

“காத்துல.”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

ஜூன் 12

இன்று தலைவலி இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

தலைவலி. அம்மா வைத்த பெயர் அது. “அப்பாவுக்குத் தலைவலி, உள்ள போங்க” என்று அவள் சொன்னால் நானும் வாண்டும் உள் அறைக்குப் போய்விட வேண்டும். வாண்டு என் தங்கை, ஒன்றாம் வகுப்பு. “தலைவலி அப்பாவுக்கு, ரத்தம் ஏன் அம்மாவுக்கு வருது?” என்று என்னிடம் கேட்டாள். பதிலுக்கு நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

இன்று ஒரு சட்டையில் பட்டன் இல்லை. அவ்வளவுதான் காரணம். அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து பீரோவில் மோதினான், மோதினான், மோதினான். அவள் கையை உதறிக்கொண்டு எங்கள் அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன? தாழ்ப்பாள்தான் போன மாதமே போய்விட்டதே. நாங்கள் மூன்று பேரும் முதுகைக் கொடுத்து நின்றோம்.

“தொறடி!”

எப்போதும் முதலில் அந்தச் சொல். பிறகு உதை. குதிகால் சரியாகக் கைப்பிடிக்குக் கீழே விழும். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் குந்திவிடுகிறாள். அடி பிறகுதான் வரும், ஆனால் உடம்பு காத்திருப்பதில்லை.

மேலே ‘மோதினான்’ என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு ‘மோதினார்’ என்று மாற்றலாமா? வீட்டில் அடிப்பதற்கு ஒருவர் போதும். அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 20

பெற்றோர் சங்கக் கூட்டம். நன்றியுரை அப்பா, வழக்கம்போல. ஹெட்மிஸ்ட்ரஸ் என் கன்னத்தைத் தட்டி, “உங்கப்பா மாதிரி தன்மையான மனுஷர நான் பாத்ததே இல்லம்மா” என்றார். அப்பா கைகூப்பினார். நான் பல்லைக் காட்டினேன்.

ஜூன் 25, புதன்

தாழ்ப்பாள் தயார். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி அரம் போட்டு அரம் போட்டு விரல் நுனியெல்லாம் எரிகிறது. அப்பா வெளியூர். அறைக்குள் உட்பக்கமாக மாட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, “அவர் பாத்தா?” என்றாள். “உள்ள இருந்து போட்டா அவர் எப்படிம்மா பாப்பார்?” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்தால் உதட்டுக் காயம் பிளக்கிறது.

ஜூன் 28, சனி

இரண்டு உதை தாங்கியது. மூன்றாவதில் போய்விட்டது.

கதவு மூடியிருந்தது என்பதற்காகவே கூடுதலாக அடித்தார். “எவ மாட்டினது? எவ?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் “நான்தான்” என்று அம்மா முந்திக்கொண்டாள். நான்தான் மாட்டினேன்னு கத்தினேன், காதுலயே வாங்கல, செருப்பக் கழட்டி அம்மா வாயிலயே— வாண்டு கட்டிலுக்கடியில் மூத்திரம் போய்விட்டாள். எழுத முடியல.

ஜூன் 30, திங்கள்

உடைந்ததைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதிதாக இரும்பு தருவார்கள். இது பட்டறை விதி. தாழ்ப்பாளையும், கதவு நிலையிலிருந்து பிய்ந்து வந்த மரத்துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாழ்ப்பாள் உடையவே இல்லையே. அது போய் மாட்டுற கொண்டிதான் பிய்ஞ்சிருக்கு. குட்டி ஸ்க்ரூ போட்டிருக்க. இதெல்லாம் சாத்தி வைக்கத்தான், தாங்கறதுக்கு இல்ல. நிலையத் தொளைச்சு போல்ட் போட்டு அந்தப் பக்கம் நட்டு முடுக்கணும்.” பிறகு மரத்துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் குதிகால் தடம்.

“காத்து எத்தனாம் நம்பர் ஷூ போடுது?” என்றார்.

என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். இந்த வெயிலில் முழுக்கை. “சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அம்மாவக் கொன்னுடுவார்” என்றேன். அவர் டப்பாவைத் துழாவி நீளமான போல்ட்டுகளை என் கையில் கொட்டினார். இவ்வளவுதானா? தெரிந்த பிறகும் போல்ட்டுதானா? வீடு வரும்வரை அவர்மேல் எரிச்சலாக வந்தது. சொல்லாதே என்று கெஞ்சினதும் நான்தான்.

ஜூலை 8, செவ்வாய்

பீப்பாவை அடித்துவிட்டேன். பட்டறையில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, நான் உள்ளே வரும்போது கதவைப் படாரென்று அறைந்தான், விளையாட்டுக்கு. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. மரச்சுத்தியை எடுத்து முகத்திலேயே போட்டேன். வாயெல்லாம் ரத்தம். விழுந்த பிறகும் ஓங்கினேன், சார்தான் கையைப் பிடித்தார்.

அடித்தபோது சுகமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. என் கை யாருடைய கை?

ஜூலை 9

அப்பாவை வரச்சொல்லியிருந்தார்கள். பீப்பாவின் அம்மாவிடம் கண் கலங்க மன்னிப்புக் கேட்டார். “எங்க வீட்டுல கை ஓங்கற பழக்கமே கிடையாதும்மா, இவ எங்க கத்துக்கிட்டான்னே தெரியல” என்றார்.

வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றினார். இந்த முறை எனக்கு. “என் மானத்த வாங்கிட்டியேடி!” முதுகு பலகை மாதிரி இருக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 10

பீப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்பல் ஆடுகிறது. “நீ பொண்ணா, புல்டோசரா?” என்றான். அவனுக்கு ஸ்டூல் கால் மூன்றும் ஒரே உயரம் வரவில்லை, அறுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 16

சனிக்கிழமை சோதனை நாள். செய்தவர் தொடக் கூடாது, பெற்றவர்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் பள்ளி வழக்கம். ஸ்டூலில் உட்காருவார்கள், அலமாரியில் புத்தகம் அடுக்குவார்கள். என்னுடையதைத் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளப்போவது அப்பா. மார்க் போனால் போகட்டும். அவர் கையில் இதுவும் பிய்ந்துவிட்டால் அம்மாவுக்கு மாட்ட என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

ஜூலை 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

ஹால் நடுவே ஒரு கதவு, நிலையோடு. தரையில் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தோம். சுற்றிலும் காற்றுதான், சுவர் கிடையாது. பட்டறை சார் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முன்னால் வந்தார். பீப்பாவின் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து கைதட்டல் வாங்கியிருந்தார். கடைசியாக என்னுடையது.

“நானே பாக்கறேன் சார், எம் பொண்ணு செஞ்சதாச்சே” என்று அப்பா சிரித்தபடி வந்தார். உள்ளங்கையால் தள்ளினார். அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம் பலமா சார்” என்றார் பட்டறை சார்.

தோளால் இடித்தார். கதவு கம்மென்று நின்றது. பீப்பாவின் அப்பா பின்னாலிருந்து, “என்ன சார், பொண்ணு ஜெயிச்சிட்டா போல!” என்றார். ஹாலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் காதுமடல் சிவந்துவிட்டது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும்.

பின்னால் நகர்ந்தார். வலது காலைத் தூக்கினார். குதிகால், கைப்பிடிக்குக் கீழே, சரியாக அதே இடம். படார். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். படார். தலைமுடி நெற்றியில் விழுந்தது. மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது கத்தினார்:

“தொறடி!”

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்தது, அங்கே யாரும் இல்லையென்று. காலைத் தூக்கியபடியே அவருக்கும் தெரிந்தது. அந்த நிசப்தத்தில் எல்லாரும் எங்கே திரும்பினார்கள் தெரியுமா? அம்மா பக்கம். மூன்றாவது வரிசையில், நல்ல புடவையில், நாற்காலியை விட்டு இறங்கி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். பக்கத்து மேசைக்கடியிலிருந்து வாண்டுவின் குரல்: “அப்பாவுக்குத் தலைவலி வந்துடுச்சு.”

ஹெட்மிஸ்ட்ரஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா, “சும்மா… ஒரு தமாஷுக்கு…” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பட்டறை சார் போய் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். ‘இன்னும் பலமா’ என்று தெரிந்துதான் சொன்னாரா? கேட்க வேண்டும். கேட்கமாட்டேன்.

வாசலில் அப்பா கார் கதவைத் திறந்து, “ஏறு” என்றார். அம்மா வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க நடந்து வர்றோம்” என்றாள். நடந்தோம், பெரியம்மா வீட்டுக்கு. அது எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை.

ஜூலை 20

அம்மா மதியம் வரை தூங்கினாள்.

ஆகஸ்ட் 16, சனி

என் தாழ்ப்பாளைக் காட்சிக்கு வைக்கப் பள்ளியில் கேட்டார்கள். அம்மா தரவில்லை. “எங்களுக்கு வேணும்” என்றாள். பெரியம்மா வீட்டு மாடி அறையில் மாட்டியிருக்கிறேன். நிலையைத் துளைக்க டிரில்லும் பீப்பாவும் வந்தார்கள், இரண்டும் சத்தம்.

இன்று சாயங்காலம் மூவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மாடிப்படியில் காலடி. நாங்கள் மூவருமே அந்தக் காலடியை அறிவோம். வாண்டு என் மடியில் ஏறிக்கொண்டாள். காலடி வாசலில் நின்றது. உதைக்கு நான் பல்லைக் கடித்தேன்.

டொக், டொக்.

அப்பா கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை.

“யாரு?” என்றாள் அம்மா.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

வெளியே பதில் வரவில்லை. அம்மா எழுந்து கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கப் போகிறாளா? அம்மா, வேண்டாம்மா—

சரியாக விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, வாண்டுவின் யூனிஃபார்மை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.