ஊதா முத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று வேலையில் பழைய புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது நம் நூலகத்தின் ஊதா முத்திரைதான். நூலகத்தை மூடிவிட்டார்களாம். புத்தகங்களெல்லாம் எடைக்குப் போய், நான் காகிதப் பை ஒட்டும் பட்டறைக்கே வந்துவிட்டன.

நீ கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன உறுப்பினர் அட்டையில் இந்த ஒரு வருஷம் முப்பத்தொரு புத்தகங்கள் படித்தேன். பள்ளியை விட்ட பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அவற்றோடு மட்டும்தான். கடைசிப் புத்தகத்தைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தேன். தவணை முடிந்திருந்தது, இன்னும் ஒரு வாரம் கேட்கக் கூச்சம்.

அதுவும் அந்தக் கட்டுக்குள் இருந்தது, அக்கா. நின்றபடியே மீதியைப் புரட்டினேன்.

"என்னம்மா மகாராணி, பரீட்சைக்குப் படிக்கிறியா? சீக்கிரம் கிழி, பசை காயுது!" என்றார் மேஸ்திரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

இதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நல்ல மனுஷி. ஆனால் இதை முடித்த பிறகு அடுத்ததற்கு எங்கே போவேன்? இங்கே வேறு நூலகம் கிடையாது. நாளைக்கு இன்னும் இரண்டு கட்டு வருமாம்.

புத்தகத்தின் முதுகைப் பிளந்து, தாள்களை மற்றவற்றோடு அடுக்கிவிட்டு, பசைக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

உன் தங்கை