ஒரு பிடி மைல்

2024 ஜூன் 9, ஞாயிறு

மழை. வேலை இல்லை. கிருஷாந்தியின் சூட்கேஸை இன்றைக்குத்தான் திறந்தேன். என் மகள் கட்டாரிலிருந்து சவப்பெட்டிக்குள் வந்து நாலாவது மாசம். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். இருபத்தொன்பது வயசு. சூட்கேஸ் அவளுக்குப் பின்னால் வந்தது. இத்தனை நாளும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

மூன்று சுடிதார். அவள் போன். சின்னப் பிள்ளை கிறுக்கிய ஒரு படம். வேலை செய்த வீட்டில் அவள் பார்த்துக்கொண்ட பிள்ளையாக இருக்கும். தடிமனான ஒரு கம்பளிக் குல்லா. கட்டாரில் ஏது குளிர்? பிறகு ஒரு நீலக் கார்டு, பிளேன் படம் போட்டது.

போன பொங்கலுக்குப் பேசும்போது சொன்னாள், "அம்மா, ஒனக்கு ஒண்ணு சேத்துக்கிட்டு இருக்கேன். நெறைஞ்சதும் சொல்றேன்." நகை என்றுதான் நினைத்தேன். சூட்கேஸின் உள்துணியைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிரித்த இடத்தைத் திரும்பத் தைக்கும்போது வெட்கமாக இருந்தது. பிள்ளை போன பிறகு நகை தேடுகிறாயா மீனம்மா?

ஜூன் 10

அம்மாக்கண்ணு மலையில் என் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். அவளிடம் கார்டைப் பற்றிச் சொன்னேன். "பேங்க் கார்டா இருக்கப்போவுதுடி. லச்சக்கணக்குல இருந்தா என்னைய மறந்துறாத. எனக்கு ஒரு குக்கர் போதும்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு ஒரு மாதிரி இருந்தது.

ஜூன் 13

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஜெகதீஸ்வரி டீச்சரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக எங்கள் தோட்டத்துப் பள்ளியில் இருக்கிறார். கிருஷாந்திக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காசுக் கார்டு இல்லை மீனம்மா. பிளேனில போகப் போகச் சேருற கணக்கு. மைல் எண்டு சொல்லுவினம். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு டிக்கெட் சும்மா குடுப்பினம்."

அவள் ரெண்டு தரம்தானே லீவுக்கு வந்தாள், அதில் என்ன சேரும் என்றேன்.

போனைத் திறந்தோம். அவள் அப்பா இறந்த வருஷம்தான் பூட்டு நம்பர், எனக்குத் தெரியும். நீல நிறத்தில் ஒன்று விரிந்தது. மேலே இங்கிலீஷ் எழுத்து. டீச்சர் தமிழில் சொன்னார்: "வணக்கம் கிருஷாந்தி. உங்களிட்டை 20,340 மைல் இருக்கு."

வணக்கம் கிருஷாந்தி. அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

ஜூன் 14

டீச்சர் வாசித்த பட்டியலை எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது. ஆறு வருஷத்தில் என் மகள் போய் இறங்கிய ஊர்கள்.

சூரிச், மூன்று தரம். லண்டன். இஸ்தான்புல். டோக்கியோ. கேப் டவுன். சிங்கப்பூர். இன்னொரு பெயர் டீச்சருக்கே வாயில் நுழையவில்லை. ஐஸ் நிறைந்த நாடாம். குல்லா அங்கே போட்டதுதான்.

மேடம் வீட்டார் போகிற இடத்துக்கெல்லாம் பிள்ளையைப் பார்க்க இவளையும் கூட்டிப்போயிருக்கிறார்கள். என்னோடு பேசும்போது எப்போதும் சமையல்கட்டில்தான் நிற்பாள். "என்னா புள்ள செய்றே?" என்றால் "ஏனம் கழுவுறேன்ம்மா." ஆறு வருஷமாக ஒரே சமையல்கட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று அழுதிருக்கிறேன். அந்தச் சமையல்கட்டுகளில் ஒன்று டோக்கியோவில் இருந்ததா?

ஏன் சொல்லவில்லை? பயப்படுவேன் என்றா? ஹட்டன் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவளிடம் என்னத்தைச் சொல்ல.

கார்டில் ஏறுவது டிக்கெட் விலைக்குத் தக்கபடிதானாம், பறந்தது அதைவிடத் தூரம். அந்தத் தூரத்தையெல்லாம் டீச்சர் கூட்டிப் பார்த்தார். உலகத்தை மூன்று தரம் சுற்றி வந்த மாதிரியாம். நான் முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஒரு மலையைச் சுற்றுகிறேன். என் வயிற்றில் கிடந்தது உலகத்தை மூன்று தரம் சுற்றியிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு சந்தேகம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது மேடம்தானே? டீச்சர் சொன்னார், "ஆர் காசு குடுத்தாலும், சீற்றில இருந்தவைக்குத்தான் மைல்." நியாயம்தான். செடி தோட்டத்துடையது, ஆனால் நாள் சம்பளமான பேர் பறித்தவளுக்குத்தானே போடுகிறார்கள்.

"தண்ணிக்கு எவ்வளவு கழிப்பாங்க டீச்சர்?"

அவருக்கு விளங்கவில்லை. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று ரெண்டு மூன்று கிலோ கழிப்பார்களே, அது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "வானத்தில ஈரம் இல்லை மீனம்மா!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று காட்டினார். கிருஷாந்தி தேடிப் பார்த்துச் சேமித்து வைத்தது. கொழும்பிலிருந்து திருச்சி, போக வர. ஆள் 2. தேவை 40,000 மைல்.

திருச்சியில் யார் என்று டீச்சர் கேட்டார். திருச்சியில் இறங்கிக் கோத்தகிரிக்குப் போகலாம். அங்கே என் அக்கா அழகம்மா. 1983இல் குடியுரிமை ஒப்பந்தப்படி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பியபோது அவளும் புருஷனோடு போனாள். மூன்று மைல் நடந்துபோய் வட்டவளை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். எனக்குப் பதினைந்து வயசு. அதற்குப் பிறகு போனில் பேசுவதோடு சரி.

ஆள் 2. அவளும் நானும்.

பாதிதான் நிறைந்திருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

டீச்சர் அந்தப் பிளேன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்துவிட்டது. இறந்தவரின் மைலை வாரிசு கேட்டு வாங்கலாம். மரணச் சான்றிதழும் அவள் பிறப்புச் சான்றிதழும் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள். ஆகஸ்ட் 18க்குப் பிறகு எல்லாம் அழிந்துவிடும். கேட்டால் மைல் என் பெயருக்கு மாறும், அவள் கணக்கை மூடுவார்கள்.

"மூடிட்டா, அந்த வணக்கம்?"

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். "அதுவும் போயிடும்" என்றார்.

வேணாங்க டீச்சர்னு எந்திரிச்சு வந்துட்டேன். எம்மவ செத்துட்டான்னு எங்கையால எழுதிக் குடுக்கணுமா? எத்தன எடத்துல எழுதிக் குடுத்தாச்சு. இங்கயாவது இருக்கட்டுமே.

ஜூலை 2

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கும் முன் போனைத் திறக்கிறேன். வணக்கம் கிருஷாந்தி. வேலை விட்டு வந்தும் திறக்கிறேன். இங்கிலீஷ் எழுத்தில் அவள் பெயர் எனக்கு இப்போது அடையாளம் தெரிகிறது.

ஜூலை 3

அதேதான்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மாக்கண்ணு திட்டினாள். "மெசினு வணக்கம் சொல்லுதுன்னு ஒக்காந்திருக்கியே, அவ போனது அதுக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மோசமான வாய் அவளுக்கு. ஆனால் –

ஜூலை 28, ஞாயிறு

அக்கா பேசினாள். கார்டு விஷயத்தை இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். பிறகு சொன்னாள்:

"மீனா, போன மார்கழியில அவ எனக்குப் போன் போட்டா. பெரியம்மா, கோத்தகிரியில மழ எப்ப விடும்னு கேட்டா. தை பொறந்தா விட்டுரும்னேன். அம்மாவுக்குக் குளுருமான்னா. அடி போடி, தேயிலக்குள்ள பொறந்தவளுக்கு என்னா குளுருன்னேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

"அப்புறம் இப்ப ஏன்க்கா சொல்றே?"

"சத்தியம் வாங்குனவ போயிட்டா. இனி யாருக்குடி பயப்படணும்?" என்றாள். ரெண்டு பேரும் அழுதோம்.

மழை எப்போது விடும் என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறாள். உலகத்தை மூன்று தரம் சுற்றியவள், என் ஒரு பயணத்துக்கு மழை பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

கொடுத்துவிட்டேன். டீச்சர் படிவத்தை நிரப்பினார், நான் கையெழுத்து வைத்தேன். அனுப்பும் முன் ஒரு தரம் திறந்து காட்டச் சொன்னேன். வணக்கம் கிருஷாந்தி என்றது. வணக்கம் மகளே என்று நானும் சொன்னேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 5

"வணக்கம் மீனம்மா. உங்களிட்டை 18,306 மைல் இருக்கு."

"கழிச்சிட்டாங்க பாத்தீங்களா டீச்சர்! ஈரம் கழிச்சிட்டாங்க!"

பெயர் மாற்றுவதற்கு நூற்றுக்குப் பத்து எடுப்பார்களாம். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்கள் கேட்டது சரிதான். நான்தான் சிரிச்சுப்போட்டன்." ஒரு ஆளுக்கு டிக்கெட் 20,000. குறைவது 1,694.

உலகம் முழுக்க ஒரே தராசுதான் போலிருக்கிறது.

செப்டம்பர் 12

கை ஓடவில்லை. பதினெட்டு கிலோ எடுக்காவிட்டால் பாதிச் சம்பளம்தான், அரைப் பேர் என்போம். இன்றைக்கு எனக்குப் பதினான்குகூடத் தேறாது. நிறுக்க வரிசையில் நிற்கும்போது அம்மாக்கண்ணு ஒரு பிடி அள்ளி என் பையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் சுகமில்லாதவளுக்கும் சாவு வீட்டுக்காரிக்கும் இப்படிப் போடுவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் கங்காணி வானத்தைப் பார்ப்பார்.

"ஏழு மாசமாப் போடுறோம். எப்பத்தான்டி நீ மனுஷியாகப் போற?" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. பத்தொன்பது கிலோ விழுந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கட்டாரிலிருந்து நிஷாந்தி பேசினாள். கொத்மலைப் பிள்ளை. கிருஷாந்தியோடு அதே வீட்டில் சமையல் வேலை. மாதம் ஒரு தரம் பேசுவாள். இன்றைக்கு எல்லாம் சொன்னேன். 1,694 குறைகிறது என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அவ்வளவுதானேம்மா? நான் 2,000 போடுறேன். எனக்கு அந்தக் கார்டு எடுத்துக் குடுத்ததே கிருஷாந்தி அக்காதான்."

வேணாம் புள்ள, நீயும் எதுக்காகவோ சேர்த்து வைத்திருப்பாய் என்றேன்.

"எங்கம்மாவுக்குத்தான் சேக்குறேன். இன்னும் ரொம்பத் தூரம் கெடக்கு. எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். ஒரு பிடி போட்டதுக்கு மலையில யாராச்சும் கணக்குக் கேப்பாங்களா?"

ஒருத்தி கட்டாரில். அவள் போடுகிற பிடி வானத்தில். அது வந்து விழுவது இந்த லயத்தில் என் பையில். மூன்று நாளைக்கு முன் கையால் தொட்ட அதே பிடி.

செப்டம்பர் 17

20,106. ஈரம் கழித்தது போக.

நவம்பர் 20

கண்டியில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார்கள். இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்று அங்கிருந்த அதிகாரி மாத்தயா சிங்களத்தில் கேட்டார். அக்கா என்றேன். எத்தனை வருஷம் என்றார். நாற்பத்தொன்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் இரண்டு தரம் வாந்தி.

2025 ஜனவரி 19, ஞாயிறு. கோத்தகிரி

அக்கா தூங்குகிறாள், பகல் தூக்கம். எழுத நேரம் கிடைத்தது.

நேற்று பறந்தேன். ஜன்னல் பக்கம். வாந்தி வரவில்லை! குல்லாவைப் போட்டுக்கொண்டு போனேன்.

மேகத்துக்கு மேலே வெயில் இருக்கிறது. எங்கள் மலையில் மழைக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு நனைந்த நாளெல்லாம் மேலே இந்த வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்ததா? யாரும் சொல்லவில்லையே. பிறகு கடல். அக்கா இதைக் கப்பலில் கடந்தாள், குமட்டிக் குமட்டி. நான் ஒரு கிளாஸ் ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிட்டேன். நாற்பத்தொரு வருஷம் அழுத தூரம் ஒரு கிளாஸ் ஜூஸ். பக்கத்து சீட்டில் ஒரு ஐயா வாயைத் திறந்து தூங்கினார். இதை எப்படித் தூங்கிக் கழிக்கிறார்கள்? கிருஷாந்தி தூங்கியிருக்க மாட்டாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்திருப்பாள். நானும் வைத்தேன். சில்லென்று இருந்தது.

திருச்சியில் அக்கா மகன் காத்திருந்தான். இருட்டும் நேரத்தில் இங்கே வந்து சேர்ந்தோம். அக்கா வாசலில் நின்றாள். கிழவி. நானும் கிழவி. முதலில் என் பையைத்தான் பார்த்தாள்.

"என்னாடி தூக்கிட்டு வந்திருக்கே?"

"தேயிலக்கா."

"தேயிலத் தோட்டத்துக்கே தேயிலயா! புத்தி கெட்டவளே." அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. தை பிறந்தால் விட்டுவிடும் என்று சொன்னது சரிதான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஊர் திரும்பிவிட்டேன். நாளை மறுநாள் கிருஷாந்தியின் ஆண்டுத் திவசம். சாமான் வாங்கப் போகும் வழியில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். போனை நானே திறந்தேன். 106 மிச்சம்.

"இத நிஷாந்திக்கு அனுப்புங்க டீச்சர்."

"நூறு நூறாத்தான் அனுப்பலாம். அதிலயும் பத்துக் கழியும். தொண்ணூறு மைலை வச்சு அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?"

"ஒரு பிடிதாங்க டீச்சர். போடுங்க."

அனுப்பினார். எனக்கு 6 மைல் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். டீச்சர் யோசித்தார். "இஞ்சயிருந்து வட்டவளை ஸ்டேஷனுக்குப் போய் வாற தூரம்."

தெரிந்த தூரம்தான். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சாமான் வாங்க நடந்தேன்.