நாரி என்கிற சொல்

தவக்காலத்துச் செவ்வாய், இரவு

மகள் ஜெனிற்றா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

சியர்லீடிங் குழுவில் மற்றப் பிள்ளைகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பவள் அவள். கொஞ்ச நாளாக "முதுகு நோகுது அம்மா" என்பாள். நானும் தோள்பட்டைகளுக்கு நடுவே தைலம் பூசி, செபம் சொல்லித் தேய்த்துவிடுவேன். இன்று பயிற்சி முடிந்து கூட்டிவரப் போனேன். அவள் முகம் சுளித்ததைக் கண்டு, பயிற்சி கொடுக்கும் இத்தாலியப் பெண், சின்யோரா, அவளைப் பின்பக்கம் வளையச் சொன்னார். பிள்ளை "ஆ" என்று இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்தாள்.

"அது முதுகில்லை, நாரியெல்லே, பிள்ளை!" என்றேன் நான்.

"நாரியோ? எல்லாம் ஸ்கியேனாதானே!"

இத்தாலியனில் கழுத்துக்குக் கீழே பின்பக்கம் முழுவதற்கும் அந்த ஒரே சொல்தான்; நாங்கள் மேலே முதுகு, இடுப்புப் பக்கம் நாரி என்று பிரித்துச் சொல்வோம்.

டாக்டர் பார்க்கும்வரை தூக்கவோ வளையவோ கூடாது என்றார் சின்யோரா. சுகமான பிறகும் முழங்காலை மடித்து, கால் பலத்தில்தான் தூக்க வேண்டும். நோகத் தொடங்கிய அன்றே சொல்ல வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் எச்சரித்தார்.

பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து, "நாரி, நாரி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"வடிவான சொல். இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கிறியள், அம்மா?"

நாங்கள் இருக்கும் பிரான்காச்சோப் பகுதி வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தோம். நோவு வந்தால்தான் என்னோடு தமிழில் கதைக்கிறாள். சுகமாக இருந்தால் தோழிகளும் போனும்தான்.

மாதாவே, அவள் நாரியைச் சுகமாக்கித் தாரும். சுகமான பிறகும் ஒருநாள், ஒன்றும் நோகாமல், சும்மா என் பக்கத்தில் வந்து இருக்கச் செய்யும்.