மாமன் சீரும் டைமிங் செயினும்

20.2.2007, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில்.

என் மினி லாரியில் நெய்வேலிக்குப் பொம்மை லோடு. பீங்கான் கிளி, யானை, கொஞ்சம் அகல் விளக்கு. ஊரைத் தாண்டவில்லை, எங்கேயோ கடகட. செராமிக் லோடு அடிக்கிறவனுக்குக் கடகட என்றால் ஒரே அர்த்தம்தான், வைக்கோல் சரியாகத் திணிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி லோடுமேன் ஆறுமுகம் அண்ணனைப் பிடி பிடி என்று பிடித்தேன். தார்ப்பாயைப் பிரித்து, பெட்டிகளை இறக்கி, மறுபடி வைக்கோல் அடைத்துக் கட்டினோம். என்னைவிட வயசில் பெரியவர்.

நெய்வேலியில் இறக்கிய பிறகு, காலி வண்டியிலும் கடகட.

"இப்ப யாரைத் திட்டுவ தம்பி?" என்றார் ஆ.மு. அண்ணன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

21.2, புதன்

லோடு இல்லை. ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, ஸ்டெப்னி, எல்லாவற்றையும் சுற்றி வைக்கோல் திணித்தாயிற்று. வண்டி மாட்டுக் கொட்டகை போல நாறுகிறது. சத்தம் போகவில்லை. என்ஜினிலிருந்துதான் வருகிறது என்று ஒப்புக்கொள்ள மத்தியானம் ஆகிவிட்டது.

கலாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். என் வீட்டுக்காரி பீங்கான் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. விரலால் ஒரு தட்டு, கணீர் என்றால் நல்ல உருப்படி, பொத்தென்றால் உள்ளே விரிசல். சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியைத் திறந்து வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கணீர்னுதான் இருக்குதுங்க. விரிசல் சத்தம் இல்ல. ஒண்ணும் ஆவாது."

அப்பாடா என்றிருந்தது. அதே தெம்பில் மெக்கானிக் பாயிடம் போனேன், சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று. நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். டைமிங் செயின் தொங்கிப்போச்சு என்றார். கலா சொன்னதைச் சொன்னேன். சிரித்தார்.

"செயினு கணீர்னா, உள்ளாற இரும்பை அறுக்குதுன்னு அர்த்தம். இது இன்னா பீங்கானா?"

செயின் அறுந்தால் என்ஜின் நின்ற இடத்திலேயே அவுட். எப்போது அறும் என்று கேட்டேன். "நாளைக்கும் அறும், தீவாளிக்கும் அறும். நான் இன்னா ஜோசியனா?" சாமான் சேலத்திலிருந்து வரவேண்டும். திங்கட்கிழமைக்கு மேல்தான் கை வைக்க முடியுமாம்.

ஞாயிறு என் தங்கச்சி மல்லிகா மகளுக்குத் திட்டக்குடியில் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சீரும், தெருச் சனமும், என் வண்டியில் வருவதாகப் பேச்சு. பேச்சென்ன, மல்லிகா மாமியார் வீட்டில் தம்பட்டமே அடித்துவிட்டாள்.

22.2, வியாழன்

மல்லிகா போன். காலையிலேயே.

"அண்ணே, வண்டிக்கு வாழை கட்டுவியா? பெரிய ஓர்ப்படி புள்ளைக்கு அவ பொறந்த வூட்டுல டிராக்டர்ல மேளத்தோட வந்தாங்க. என் மாமியா இன்னும் அதையே சொல்லிக் காட்டுது."

கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல.

கருவேப்பிலங்குறிச்சியில் ஜோசப் என்று ஒரு மெக்கானிக், கைராசிக்காரர் என்றார்கள். போனேன். கேட்டார். "செயினும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயில் தண்ணியாப் பூட்டுது. கெட்டி ஆயில் ஊத்துங்க." ஊற்றினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. பாய் சொன்னதைச் சொன்னால், "அவருக்கு என்ஜினை இறக்கினாத்தான் தூக்கம் வரும்" என்கிறார்.

திரும்பும்போது கேட்டுக்கொண்டே வந்தேன். குறைந்தது மாதிரியும் இருக்கிறது, நான் குறைய வேண்டுமென்று நினைப்பதால் குறைந்தது மாதிரியும் இருக்கிறது. காதில் ஏதாவது கோளாறா. வீட்டுக்கு வந்ததும் கலா கூப்பிட்டது மட்டும் கேட்கவில்லையாம், திட்டு வாங்கினேன்.

வாங்க வேண்டியது: வாழைத்தார், பூ, வெற்றிலை பாக்கு, பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை (கலா எடுத்துவிட்டாள்). ஆடு, ஆ.மு. பார்த்துக்கொள்கிறார்.

23.2, வெள்ளி

பெண்ணாடத்துக்கு ஃப்யூஸ் கட்டை லோடு. சின்ன லோடு, போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். போகும்போது தொந்தரவு இல்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தேன். திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்றேன். என்ஜின் சூடு. நிற்க நிற்க அடியிலிருந்து கடகட கிளம்பியது. பக்கத்தில் ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

கேட் திறந்தது. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறும்போது என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கியது. நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தாண்டிவந்து ஓரமாக நிறுத்தினேன்.

ஆ.மு.: "கிளட்சை சரியா வுட்டியா தம்பி?"

விட்டேனா? தெரியவில்லை. என் காலே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கேட்டைத்தான் தாண்ட வேண்டும். பின்னால் பொம்பளைகள், குழந்தைகள், ஆடு.

24.2, சனி

போகலாம் என்று முடிவு. குளித்துவிட்டு வந்ததும் வேண்டாம் என்று முடிவு. பாய்க்குப் போன் போட்டேன், "ஆளை ஏத்தாத" என்றார். ஜோசப்புக்குப் போட்டேன், "தைரியமாப் போங்க" என்றார். இரண்டு பேருமே வண்டியில் வரப்போவதில்லை.

வேறு வண்டி கேட்டுப் பார்த்தேன். முகூர்த்த நாள், ஒன்றும் இல்லை. சாயங்காலம் மல்லிகாவுக்குச் சொன்னேன். பஸ்ஸில் வருகிறோம், வண்டியில் சத்தம்.

எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "இத்தினி நாளா இல்லாத சத்தம் என் பொண்ணு காதுகுத்துக்குத்தான் வந்துச்சா அண்ணே?"

எனக்கே அதுதான் சந்தேகம்.

25.2, ஞாயிறு

பஸ்ஸில் போனோம். தாம்பாளங்கள் எல்லார் மடியிலும். வாழைத்தார் டிரைவர் பக்கத்தில். ஆட்டை ஏற்றவே மாட்டேன் என்றார் கண்டக்டர். ஆ.மு. மொபெட்டில் அதை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்தார், காதுகுத்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். பஸ் கேட்டைத் தாண்டும்போது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பஸ் பாட்டுக்குத் தாண்டியது.

பாப்பா என் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. சட்டையெல்லாம் கண்ணீர். மல்லிகா என் பக்கம் திரும்பவில்லை. அவள் மாமியார் பந்தியில், எனக்குக் கேட்கிற மாதிரியே, "மாமன் சொந்த வண்டி வச்சிருக்காருன்னாங்க. பஸ்ஸுல இல்ல வந்து எறங்கறாங்க" என்றது.

வண்டியிலேயே வந்திருக்கலாமோ. ஒன்றும் ஆகியிருக்காதோ. ஆகியிருந்தால்? பஸ்ஸில் வந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று யாரிடம் காட்டுவது.

26.2, திங்கள்

லேசான மேகம். சாமான் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவா என்றார் பாய். மல்லிகா நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை. இன்றைக்கு எடுத்தாள்.

"நீயே கேளு" என்று வண்டியை ஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்து, போனை என்ஜின் மேல் பிடித்தேன்.

சத்தம் இல்லை. புது வண்டி மாதிரி ஓடுகிறது. ஒரு வாரமாக எது போக வேண்டுமென்று ஏங்கினேனோ அது போய்விட்டது. வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். கையில் ஸ்பேனர்கூட இருந்தது, தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

"வண்டி நல்லாத்தானே ஓடுது அண்ணே" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில், அதுதான் தாங்கவில்லை. வைத்துவிட்டாள்.

வண்டியை அணைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். சூடேறியது. லேசாக ஆரம்பித்து, கடகட, கடகட, கேட்டில் கேட்டதைவிடப் பலமாக. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. மல்லிகாவுக்கு அடித்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

கலா வாசலிலிருந்து, "மொதல்ல ஆஃப் பண்ணுங்க, அறுந்து கிறுந்து தொலையப் போவுது."

இரு, அவள் ஒரு தடவை கேட்கட்டும் என்றேன். மூன்றாவது தடவை அடித்தேன். உள்ளே பலமாக ஓர் அடி. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. சாவியைத் திருப்பினேன், உசிர் இல்லை. கலா வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தெரு முழுக்க அமைதி.

அப்போதுதான் மல்லிகா எடுத்தாள்.

"ஹலோ. என்னண்ணே? ஒண்ணும் கேக்கலையே."