பொட்டு வைத்த பாலிசிகள்

9.10.2006, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை இன்றும் ஏமாற்றம்.
வேலை: 1. கிணற்றுத் தண்ணீர் ரிசல்ட் வாங்க. 2. வண்டிக்கு பிரேக் ஒயர். 3. முதலாளியிடம் ரிசல்ட் சொல்ல.

மூன்றாவதுதான் கசப்பு. பட்டறைக்குப் பின்சுவரை ஒட்டியிருக்கும் செல்வி அக்கா வீட்டுக் கிணற்றில் குரோமியம், முலாம் பூசும்போது கழியும் விஷம். எங்கள் பிளேட்டிங் பட்டறையின் பழைய நிலத்தடித் தொட்டிதான் காரணம். நான் சூப்பர்வைசராக வேலைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே கசிந்திருக்கிறது. மண்ணையே தோண்டி அகற்ற வேண்டும்.

முதலாளி சவரிநாதன்: "பட்டறைய வித்தாலும் அந்த மண்ண அள்ள முடியாதுடா."

செல்வி அக்கா: "படிச்சவருதான நீ? இந்த மஞ்சத் தண்ணிய ஒரு மடக்கு குடிச்சிக் காட்டேன்."

பாட்டிலில் இன்னொரு சாம்பிள் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

10.10, செவ்வாய்

சென்னையிலிருந்து எங்கள் பட்டறையின் வக்கீல் அம்மா வந்தார். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று சொன்னார். நம்மால் அக்கம்பக்கத்தாருக்குச் சேதம் வந்தால் ஈடு கொடுக்கும் பழைய இன்சூரன்ஸ் பாலிசி, தேதி முடிந்தாலும் செத்துவிடாதாம். சேதம் நடந்த வருடத்தில் அது நடப்பில் இருந்ததா, அவ்வளவுதான் கேள்வி. இருந்திருந்தால் மண்ணை அகற்றும் செலவை இன்றும் கேட்கலாம். இன்சூரன்ஸ் ஆபீசில் அந்தக் காலத்து நகல் இல்லை. நம் கையில் இருக்க வேண்டும்.

முதலாளி கிளார்க்கைக் கூப்பிட்டார். "கலியபெருமாள், அந்தக் காலத்துல போட்டதெல்லாம் எங்கய்யா?"

க.பெ. என்னை ஒருமுறை பார்த்தார். "தேடிப் பாக்கறேங்க."

"ஒரு காகிதத்த வெச்சிக்கத் துப்பில்ல. உனக்கெதுக்குயா கிளார்க் வேல?"

வக்கீல் அம்மா எதிரிலேயே. ஐம்பத்தெட்டு வயது மனிதரை.

மூன்று வருடம் முன், ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தபோது பீரோவைக் காலி செய்யச் சொன்னது நான். அவர் தயங்கினார். "தேதி முடிஞ்ச பாலிசிய வெச்சி என்னண்ணே பண்ணப் போறீங்க, சுண்டல் மடிக்கவா?" கேட்டதும் நான். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று சாக்கு, எடைக்கு.

இன்று கதவோரம் சாம்பிள் பாட்டிலோடு நின்றேன்.

12.10, வியாழன்

ஒருவழியாக மழை. பிரேக் ஒயர் மாற்றவில்லை, முத்தியால்பேட்டை வரை உருட்டியும் ஓட்டியும்.

க.பெ. வீடு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சந்து முனைவரை ஒத்திகை. உட்கார்ந்ததும் மழையைப் பற்றித்தான் பேசினேன். அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். நான்கு பாலிசி. ஒவ்வொன்றின் மூலையிலும் காய்ந்த சந்தனம், குங்குமம்.

"புதுப் பாலிசி வந்தா ஆயுத பூஜையில கணக்கு நோட்டோட வெச்சிப் பொட்டு வைப்பேன் தம்பி. பொட்டு வெச்சத எடைக்குப் போடக்கூடாது. சாக்குலேந்து உருவினேன். நாலுதான் கைக்குச் சிக்கிச்சி. அதுக்குள்ள நீங்க சாக்கக் கட்டச் சொல்லிட்டீங்க."

"முதலாளி கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொன்னா, எடைக்குப் போடச் சொன்னது யாருன்னு கேப்பாரு இல்ல? நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

வாங்கிக்கொண்டேன். டீ வேறு குடித்தேன்.

13.10, வெள்ளி

கொடுத்தேன். வக்கீலுக்கு ஃபேக்ஸ். நான்கில் இரண்டு, தொட்டி கசிந்த வருடங்களுடையவை.

முதலாளி என் தோளில் தட்டினார். "படிச்ச மூள! எங்கேந்துடா புடிச்ச? கலியபெருமாள், இவன்கிட்ட கத்துக்கய்யா."

க.பெ. பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆமாம். சிரித்தேன்.

14.10, சனி

வக்கீல் அம்மா போன். பாலிசிகள் இத்தனை வருடம் யார் கையில் இருந்தன, மற்றவை எப்படிப் போயின, தெரிந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பொய் தெரிந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். கிணறு அப்படியே கிடக்கும்.

எழுதினேன். மூன்று தாள் கிழிந்தது. நான்காவதில்: "மற்ற பாலிசிகளை எடைக்குப் போடச் சொன்னவன் நான். இவற்றைக் காப்பாற்றியவர் கலியபெருமாள்."

கிணறு மட்டும் இல்லையென்றால் எழுதியிருப்பேனா? மாட்டேன்.

க.பெ. எட்டிப் பார்த்தார். "இதெல்லாமா தம்பி எழுதணும்?"

முதலாளி நின்றபடியே படித்தார். இரண்டு தடவை. கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னிக்கு நான் அவனத் திட்டும்போது நீ இங்கதான இருந்த?"

"இருந்தேன் சார். கதவாண்ட."