மூச்சைக் கேட்கும் அப்பாவுக்கு

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

அபிநயா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? பிள்ளையார்பாளையத்தில் மழை விட்டதா?

பயப்படாமல் படியுங்கள். போன மாதம் எனக்குக் கொரோனா வந்து, சரியாகிவிட்டது. ஆஸ்துமா கடுமையாக இருப்பதால் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கு என் சளியைக் கேட்டார்கள். எல்லாருடைய மூச்சுக்குழாயிலும் கிருமிகள் குடியிருக்குமாம். என்னைப் போன்றவர்களுக்குக் கொரோனா சுலபமாகத் தொற்ற அந்தக் கிருமிகள்தான் காரணமா என்று பார்க்கிறார்களாம். இன்னும் தெரியவில்லை என்றார் டாக்டர். நம் வீட்டில் கண்ட இடத்தில் துப்பினால் உதை விழும். இங்கே டப்பாவில் துப்பியதற்கு நன்றி சொன்னார்கள்!

போனில் மைக் கெட்டுவிட்டது என்று மெசேஜ் அனுப்பினேனே, அது பொய். நான் கூப்பிட்டால் நீங்கள் தறியை நிறுத்திவிட்டு, "ஒண்ணும் பேசாதமா, மூச்ச வுடு, கேட்டுக்கினு இருக்கேன்" என்பீர்கள். போன மாதம் இருந்த இழுப்பைக் கேட்டிருந்தால் உங்களுக்கு நெசவே ஓடியிருக்காது.

எனக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளவில்லை. போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்தது அப்படியே வரட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கடிதம் கிடைத்ததும் மெசேஜ் போடுங்கள், கூப்பிடுகிறேன். மூச்சு சீராகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள். போனை எடுத்ததும் தறியை நிறுத்துங்கள். நான் ஒன்றும் பேச மாட்டேன்.

உங்கள் மகள்
அபிநயா