நாலு அறை, நாலு கேத்தில்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால். மனோர் பார்க் வீட்டில் ஆள் நாலு, அறை நாலு, கேத்தில் நாலு. ஹீட்டர்களும் ஓட, டீத்தண்ணீருக்கு வைத்த நாலு கேத்திலும் ஒன்றாகக் கொதிக்க, ஃபியூஸ் போய்விட்டது. இருட்டில் நிற்கிறேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். போன மாதம்வரை இங்கே ஒரே கேத்தில், சமைக்கிற குசினியில். அது உன் சட்டம்.

அந்தச் சட்டத்தை நெகேவ் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்தாய். எண்பத்தாறில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லாமே பொது என்று வாழும் ஒரு சின்னக் கிப்புட்ஸ் பண்ணைக் கிராமத்தில் இரண்டு வருடம் தொண்டனாக இருந்தாய். பத்துப் பன்னிரண்டு இளசுகள் கூடாரம் அடித்துத் தொடங்கிய இடமாம். கிணற்றில் உப்புத் தண்ணீர். முதலில் நட்ட மரங்கள் பட்டுப்போக, திரும்பவும் நட்டார்களாம். ஒரே சாப்பாட்டு மண்டபம். உடுப்புகூடப் பொது. பிள்ளைகள் எல்லோரும் தனி வீட்டில் ஒன்றாகத் தூங்கினார்கள். பிறகு அறைகளுக்குள் கேத்தில் வந்தது. மண்டபத்தில் கூட்டம் குறைந்தது. பிள்ளைகளும் தாய் தகப்பனிடம் போனார்கள். உன் கணக்கில் எல்லாம் கேத்திலால் வந்த வினை.

நான் ஒன்று வாங்கி வந்த அன்று வீட்டுக் கூட்டம் போட்டாய்.

"டேய் மச்சான், கேத்தில் அறைக்குள்ள போனா ஆளும் அறைக்குள்ள போயிடுவான்."

"எனக்கு விடிய அஞ்சு மணிக்கு ஷிப்ட். உன்ர பாலைவனக் கதைக்கு நான் பச்சைத்தண்ணி குடிச்சிட்டுப் போறதோ?"

"கை தூக்குங்கோ!"

அப்போது உன்னோடு ஐந்து பேர்; நாலுக்கு ஒன்று. தோற்றேன். உனக்கு அறைகூட இல்லை, ஹோலில் படுத்தாய். உன்னோடு என்ன வாதாடுவது?

ஆஸ்பத்திரியில் சொன்னாய்: "என்ர சாம்பலை அங்க பேரீச்ச மரத்துக்குக் கீழ போடு." சாம்பல் பெட்டி ஹோலில் இருக்கிறது. நேற்று கிப்புட்ஸுக்கு போன் எடுத்தேன். அங்கேயே பிறந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். உன் பெயரைக் கேட்டதும் சிரித்தாள்.

"முட்டையில் மிளகாய்த்தூள் போடுகிறவன்! கட்டிலுக்குக் கீழே கேத்தில் ஒளித்து வைத்திருந்தான். காலையில் எல்லோரும் மண்டபத்தில் டீ குடிப்போம், அவன் மட்டும் வரமாட்டான்."

"நீங்கள் வேறு ஆளைச் சொல்கிறீர்கள்."

"அவனேதான்" என்றாள். சாம்பல் விஷயத்தைச் சொன்னேன். "கொண்டு வா. ஆனால் மண்டபம் இப்போது பூட்டிக் கிடக்கிறது, கூட்டத்துக்கும் ஆள் வருவதில்லை. யாரிடம் அனுமதி கேட்பது என்று எனக்கே தெரியாது."

எனக்கு விளங்கவில்லை, மச்சான். நான் யாரைக் கொண்டுபோகிறேன்? எங்களைக் குசினியில் சேர்த்து உட்காரவைத்தவனையா, கட்டிலுக்குக் கீழே கேத்தில் ஒளித்தவனையா? அங்கே நீ காலையில் டீக்குப் போகாத மண்டபத்தை இங்கே ஏன் கட்டினாய்? கேட்கவும் நீ இல்லை. கோபம்தான் வருகிறது.

இனிச் செய்வது:

1. ஃபியூஸ் போடுவது.
2. மற்ற மூன்று பேரையும் குசினிக்குக் கூப்பிட்டு, உன்னைக் கொண்டுபோவதா என்று கை தூக்கச் சொல்வது. தோற்றாலும் போவது.
3. அங்கே மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, உட்கார்ந்து ஒரு டீ குடிப்பது. நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரிய வேணும்.